தகுதியும் பேறும்

நல்ல குரல்வளம் வாய்க்கப் பெற்ற நாடக நடிகர் ஒருவர். இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும் வரையில் நடைபெறும் நாடகத்தில் ராஜபார்ட் வேடம் புனைந்து பாடத் தொடங்கினால், கடைசியில் துண்டை விரித்துப் படுத்துக் கிடப்பவரும் எழுந்து உட்காருவர். அத்தகையவருக்குத் திரைப்படத்தில் நடிக்க வேண்டும் என்ற ஆசை பிறக்கிறது. ஊரை விட்டுச் செல்கிறார். மூன்று ஆண்டுகள் காத்திருக்கிறார். எதுவும் கிட்டாமல் திரும்பி வருகிறார். அவர் செய்தது முறையா, பிழையா?

இவ்வினா நாம் கற்பனையாகப் புனைந்ததன்று. நாம் சிறுவராய் இருந்த நாளில் ஆத்தூர்க் கடைவீதியில் பலர் வாயிலும் அடிபட்ட வினா இது. அதற்கு அன்று கிடைத்த விடைகள் இரண்டு. அவ்விரண்டும் எமக்கு நிறைவு தரவில்லை. இன்று, ஆண்டுகள் அறுபதுக்கு மேல் கடந்த பின்னரும், அவ்வினா எம்மை விட்டு அகலவில்லை. ஆதலின் அதனை அன்பர்களோடு சேர்ந்து சிந்திக்க விழைகிறோம்.

சேலத்திலிருந்து கிழக்கே செல்லும் சாலையில், வசிட்ட நதிக்கரையில் அமைந்தது ஆத்தூர். வடக்கே கல்வராயன் மலை, தெற்கே பச்சைமலை. குச்சிக்கிழங்கு விளையும் மண். அதனை அரைத்து ஜவ்வரிசியாக்கும் சேகோ ஆலைகளின் ஊர். அறுவடை முடிந்து கோவில் திருவிழாக்கள் தொடங்கினால் தெருக்கூத்தும் நாடகமும் நடைபெறும். நாம் மேலே குறிப்பிட்டவர் அந்நாடகங்களில் பாடியவர். 1956-ஆம் ஆண்டு சென்னைக்குச் சென்றார். 1959-ஆம் ஆண்டு திரும்பினார். அவர் பெயர் இங்குத் தேவையில்லை. அவரைப் போன்றோர் தமிழ்நாட்டின் ஒவ்வோர் ஊரிலும் இருந்தனர்.

அவர் திரும்பிய போது ஊரார் சிலர், "தனக்கு எது ஆகும், எது ஆகாது என்று அறியாதவன், அறிவிலி" என்றனர். வேறு சிலரோ, "அவசரப்பட்டுத் திரும்பி விட்டான், இன்னும் ஓராண்டு பொறுத்திருந்தால் அவனும் ஒரு சின்னப்பா ஆகியிருப்பான்" என்றனர். முன்னவர் அவரைப் பழித்தனர். பின்னவர் அவருக்காக இரங்கினர். ஆயினும் இரு சாராரும் ஒன்றில் உடன்பட்டனர். செயலின் தகுதியை அதன் முடிவே காட்டும் என்பதில் இருவருக்கும் ஐயமில்லை. அவ்வெண்ணம் சரிதானா என்பதையே முதலில் ஆராய வேண்டும்.

சின்னப்பாவின் நான்கு ஆண்டுகள்

ஊரார் சின்னப்பாவின் பெயரை எடுத்ததற்குக் காரணம் உண்டு. புதுக்கோட்டையில் 1916-ஆம் ஆண்டு பிறந்த பி.யு. சின்னப்பா நாடக நடிகரின் மகன். சிறு வயதிலேயே நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். அக்காலத்துப் பாய்ஸ் கம்பெனிகளைப் பற்றி இளைய தலைமுறையினர் அறியார். சங்கரதாஸ் சுவாமிகள் போன்ற பேராசிரியர்கள், சிறுவர்களைச் சேர்த்துக் குழு அமைத்து, பாட்டும் வசனமும் ஆட்டமும் பயிற்றி, ஊர் ஊராக அழைத்துச் சென்று நாடகம் நடத்தினர். கண்டிப்பு மிகுந்த குருகுலம் அது. அங்கே சிறுவனின் முதற்பொருள் குரல். ஐந்து கட்டை சுருதியில் பாடும் பிள்ளைக்குத்தான் மதிப்பு. ஆனால் அக்குரலுக்கு இயற்கை விதித்த ஒரு கெடு இருந்தது. பதின்மூன்று, பதினான்கு வயதில் மகரக்கட்டு வந்து குரல் உடையும். உடைந்த குரல் மீண்டும் சேருமா, சேர்ந்தால் எவ்வாறு சேரும் என்பதை எந்த வாத்தியாராலும் முன்கூட்டிச் சொல்ல இயலாது. எத்தனையோ பிள்ளைகளின் கலைவாழ்வு அத்துடன் முடிந்தது.

சின்னப்பாவுக்கும் அந்த இடர் வந்தது. அவர் சோர்ந்து விடவில்லை. சங்கீதத்தை முறையாகப் பயின்றார். சிலம்பமும் உடற்பயிற்சியும் கற்றார். மீண்டும் மேடை ஏறினார். 1936-ஆம் ஆண்டு வெளிவந்த 'சந்திரகாந்தா' என்ற படத்தில் திரைக்கு அறிமுகமானார். 'ராஜமோகன்', 'அநாதைப் பெண்', 'யயாதி', 'பஞ்சாப் கேசரி', 'மாத்ருபூமி' எனப் படங்கள் தொடர்ந்தன. ஆயினும் முன்வரிசையில் அவருக்கு நிலையான இடம் அமையவில்லை. திருப்பம் 1940-இல் வந்தது. அதுவும் எமது மாவட்டத்துத் தலைநகரான சேலத்திலிருந்து வந்தது. மாடர்ன் தியேட்டர்ஸ் அதிபர் டி.ஆர். சுந்தரம் தாம் எடுத்த 'உத்தமபுத்திரன்' படத்தில் அவருக்கு இரட்டை வேடம் தந்தார். தமிழ்த் திரையில் ஒரே நடிகர் இரு வேடம் ஏற்று நடித்த முதற்படம் அது. அதன் பின் 'ஆர்யமாலா', 'கண்ணகி', 'மனோன்மணி' என வெற்றிகள் வந்தன. 'ஜகதலப்பிரதாபன்' படத்தில் ஒரே பாட்டில் தாமே பாடகராகவும் பக்கவாத்தியக்காரர்களாகவும் தோன்றிய காட்சியை அக்காலத்தார் வியந்து பேசுவர்.

இப்போது எண்ணிப் பாருங்கள். 1939-ஆம் ஆண்டின் இறுதியில் ஒருவர் சின்னப்பாவைக் கண்டு மதிப்பிட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? "நாடகத்தில் நல்ல பெயர், திரையில் ஊன்றவில்லை, மேடைக்கே திரும்பலாம்" என்றுதான் சொல்லியிருப்பார். அடுத்த ஆண்டில் அதே மனிதரை, "விடாமுயற்சியின் இலக்கணம்" என்று புகழ்ந்திருப்பார். இடைப்பட்ட காலத்தில் சின்னப்பாவின் குரலோ, உழைப்போ, குணமோ மாறிவிடவில்லை. மாறியது ஒன்றே: சேலத்திலிருந்து ஓர் அழைப்பு வந்தது. ஒருவர் செய்த செயலை, அவர் கையில் இல்லாத மற்றொன்று நிகழ்ந்ததா இல்லையா என்பதைக் கொண்டு அறிவு என்றும் அறியாமை என்றும் பெயரிடுவது நேர்மையாகுமா? ஆகாது. ஆகவே, பழித்தவரும் இரங்கியவரும் ஒரே தவற்றைச் செய்தனர் என்பதே எமது கருத்து.

தகுதி வேறு, பேறு வேறு

தகுதி என்பது ஒருவர் தம் உழைப்பாலும் இயல்பாலும் ஈட்டுவது. பேறு என்பது அவரை வந்து அடைவது. இவ்விரண்டும் ஒன்றையொன்று தொடரும் என்று நம்புவதில்தான் உலகத்தாருக்கு ஆறுதல் இருக்கிறது. ஆனால் தமிழ் இசை நாடகத்தின் வரலாறு அந்த ஆறுதலைத் தருவதில்லை.

செங்கோட்டையில் 1906-இல் பிறந்த எஸ்.ஜி. கிட்டப்பாவைப் போல் மேடையில் பாடியவர் வேறு எவருமில்லை என்று அவரைக் கேட்டோர் எழுதி வைத்துள்ளனர். தமிழின் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' 1931-இல் வெளிவந்தது. கிட்டப்பா 1933 டிசம்பரில், இருபத்தேழு வயதில் மறைந்தார். திரையில் அவர் தோன்றவே இல்லை. சில இசைத்தட்டுகளே எஞ்சின. அவரோடு மேடையில் இணைந்து பாடி, அவரையே மணந்த கொடுமுடி கே.பி. சுந்தராம்பாள், கணவரை இழந்த துயரிலிருந்து மீண்டு, 1935-இல் 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாராகவே வேடம் புனைந்தார். அதற்கு ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் பெற்றார் என்பது அக்காலத்தில் நாடே வியந்த செய்தி. பின்னர் 1953-இல் 'ஔவையார்' படத்தில் அவர் பெற்ற புகழை யாவரும் அறிவர். ஒரே மேடையில் நின்ற இருவரில் ஒருவருக்குத் திரை கிட்டவில்லை, மற்றவருக்குக் கிட்டியது. இதனால் கிட்டப்பா தகுதியில் குறைந்தவர் ஆவாரா?

எம்.கே. தியாகராஜ பாகவதரின் வாழ்வு இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. மேடையில் நடந்த 'பவளக்கொடி' நாடகத்தைக் கண்டே அவரைத் திரைக்கு அழைத்தனர். அதே பெயரில் 1934-இல் படம் வந்தது. 1944 தீபாவளிக்கு வெளியான 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. அப்படம் ஓடிக்கொண்டிருந்த போதே, 1944 நவம்பரில், லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் அவர் கைதானார். 1947-இல் குற்றமற்றவர் என விடுதலையானார். குரல் அதே குரல்தான். ஆனால் அதன் பின் வந்த படங்களை மக்கள் ஏற்கவில்லை. பேறு வரும் போது எவ்வாறு காரணம் கூறாமல் வந்ததோ, அவ்வாறே காரணம் கூறாமல் சென்றது. 1959 நவம்பர் முதல் நாள் அவர் மறைந்தார்.

இதில் இன்னொரு செய்தியும் அடங்கியிருக்கிறது. அளக்கும் கோலே மாறியது. தொடக்கத்தில் படப்பிடிப்பின் போதே நடிகர் பாட வேண்டும். பக்கவாத்தியக்காரர்கள் காமிராவின் பார்வைக்கு அப்பால் அமர்ந்து வாசிப்பர். ஆகவே பாடத் தெரியாதவருக்குக் கதாநாயகர் இடம் அரிது. 1938-இல் 'நந்தகுமார்' படத்தில் ஏவி. மெய்யப்பன் இரவல் குரல் முறையைக் கையாண்டார். 1945-இல் வந்த 'ஸ்ரீவள்ளி'யில், நடித்த குமாரி ருக்மிணியின் பாட்டுகளை நீக்கிவிட்டுப் பி.ஏ. பெரியநாயகியின் குரலைச் சேர்த்தனர். முகம் ஒருவருடையது, குரல் மற்றொருவருடையது என்ற நிலை ஏற்பட்டது. 1952-இல் 'பராசக்தி' வந்த போது, பாட்டைவிட வசனமே மக்களைக் கவர்ந்தது. சின்னப்பா இருந்த அதே பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்த எம்.ஜி.ஆர். 1936-இல் 'சதி லீலாவதி'யில் சிறு வேடத்தில் தோன்றியவர். கதாநாயகராக 'ராஜகுமாரி' வரும் வரையில், 1947 வரையில், பதினோர் ஆண்டுகள் காத்திருந்தார். பாட்டின் ஆட்சி நடந்த போது பின்வரிசையில் நின்ற அவருக்கு, அவ்வாட்சி முடிந்ததும் வழி திறந்தது.

எம் ஊரார் சென்னை சென்ற 1956-இல், கதாநாயகர் வாயசைக்க, டி.எம். சௌந்தரராஜனும் சீர்காழி கோவிந்தராஜனும் பின்னாலிருந்து பாடிய காலம் தொடங்கி விட்டது. இவர் தம் பெட்டியில் எடுத்துச் சென்ற பொருள் மிக உயர்ந்தது. ஆனால் அந்தச் சந்தையில் அதற்கு விலை போய்விட்டது. சிறிது காலம் ஓய்ந்திருந்த டி.ஆர். மகாலிங்கம் 1958-இல் 'மாலையிட்ட மங்கை' வாயிலாகப் பாடிக்கொண்டே மீண்டு வந்தார். அதைக் கண்டு இவரும், 'பாடும் நடிகருக்குக் காலம் திரும்புகிறது' என்று நம்பி இன்னும் ஓராண்டு தங்கினார். அந்த நம்பிக்கையை மடமை என்று நம்மால் சொல்ல முடியுமா? சான்று கண்ணெதிரே ஓடிக்கொண்டிருந்ததே!

ஒரு தடையும் அதற்கு விடையும்

இங்கே அறிவுடையார் ஒரு தடை எழுப்பலாம். "முடிவைக் கொண்டும் மதிப்பிடக் கூடாது; பிறர் நிராகரித்ததைக் கொண்டும் மதிப்பிடக் கூடாது என்றால், எவரும் எவ்வளவு காலமும் காத்திருக்கலாம் என்றாகிறதே? குரலே இல்லாதவனும், 'உலகின் அளவுகோல் தவறு' என்று சொல்லிக்கொண்டு ஆயுள் முழுவதும் வாயிலில் நிற்கலாமே?"

இத்தடை வலியது. இதற்கு விடை கூறாமல் மேலே செல்ல இயலாது. எமது விடை இது: 'கிட்டுமா, கிட்டாதா' என்ற கேள்விக்கு எவராலும் விடை காண முடியாது, ஆகவே அக்கேள்வியை விட்டுவிட்டு, விடை காணக் கூடிய வேறொரு கேள்வியைக் கேட்க வேண்டும். இந்தக் காத்திருப்பின் செலவு யாருடையது என்பதே அக்கேள்வி.

காத்திருப்புக்கு விலை உண்டு. உணவு, உறைவிடம், இளமை, உறவு ஆகியவற்றால் அது தரப்படுகிறது. அவ்விலையை ஒருவர் தம் கையிலிருந்தே தருவாராயின், அவரைத் தடுக்க நமக்கு உரிமை இல்லை. பகலில் கூலி வேலை செய்து, இரவில் பாடிப் பழகி, பட முதலாளிகளின் வாயிலில் பத்தாண்டு நின்றாலும் அது அவர் உரிமை. நாம் நகைக்கலாம், ஆனால் பழிக்க இயலாது. அதே விலையைப் பிறர் கையிலிருந்து எடுத்துத் தருவாராயின், அப்போது வழக்கு வேறாகிறது.

இதற்கும் மறுமொழி உண்டு. தனித்து வாழ்பவர் யார்? மகன் ஊரை விட்டுச் சென்றால் தாய் கலங்குகிறாள், அதுவும் விலைதானே? உண்மை. ஆகவே கொடுத்ததையும் எடுத்ததையும் வேறுபடுத்த வேண்டும். நிலைமையை முழுதும் அறிந்து, 'இது திரும்பி வாராமலும் போகலாம்' என்று தெரிந்து, மனமுவந்து ஒருவர் கொடுத்தால் அது கொடை. அதைப் பெற்றவர் நன்றிக் கடன் பட்டவர், குற்றவாளி அல்லர். 'ஆறு மாதத்தில் திருப்பித் தருவேன்' என்று, தம் வசத்தில் இல்லாத ஒன்றை உறுதியாகச் சொல்லிப் பெற்றால், அது எடுத்ததே ஆகும். பேறு தம் கையில் இல்லை என்று அறிந்த ஒருவர், அப்பேற்றைப் பிணையாக வைத்துப் பிறரிடம் வாங்கலாகாது.

மேலைநாட்டு மெய்யறிவாளர் ஒருவர் இவ்வழக்கை வேறு விதமாகத் தீர்த்தார். பிரெஞ்சு ஓவியர் பால் கோகென், பங்குச் சந்தைத் தொழிலில் இருந்தவர். மனைவியும் ஐந்து குழந்தைகளும் உடையவர். அவர்களைப் பிரிந்து ஓவியத்தையே வாழ்வாகக் கொண்டு, 1891-இல் தாகித்தித் தீவுக்குச் சென்றார். ஆங்கிலேய அறிஞர் பெர்னார்டு வில்லியம்ஸ் 1976-இல் எழுதிய கட்டுரை ஒன்றில் இவ்வரலாற்றைத் தழுவிய ஓர் எடுத்துக்காட்டை அமைத்து, அத்தகைய ஓவியர் தம் செயலைத் தமக்கே நியாயப்படுத்திக் கொள்ள முடியுமா என்பது அவர் ஓவியராக வெற்றி பெறுவதைப் பொறுத்தது என்று வாதிட்டார். வெற்றியோ ஓரளவு நற்பேற்றைச் சார்ந்தது. ஆகவே நியாயமும் நற்பேற்றைச் சார்ந்து விடுகிறது என்பது அவர் கருத்தின் சாரம்.

நுட்பமான வாதம்தான். ஆயினும் எம்மால் அதனை முழுதும் ஏற்க இயலவில்லை. வெற்றி பெற்றவர், 'நான் சென்றது வீணாகவில்லை' என்று ஆறுதல் கொள்ளலாம். உலகமும் அவர் படைப்பைக் கண்டு மகிழலாம். ஆனால் விடப்பட்ட பிள்ளை பசித்த நாள் பசித்த நாளே. தந்தையின் ஓவியம் பிற்காலத்தில் கோடிக்கு விலை போவதால் அந்நாள் நிறைந்து விடுவதில்லை. வெற்றி கடனைத் திருப்பித் தருவதற்கு வேண்டிய பொருளைத் தரலாம். கடனே இல்லை என்று ஆக்கிவிடாது. தோல்வியும் அவ்வாறே: தம் பொருளை மட்டும் செலவிட்டுத் தோற்றவரை அது கடன்காரர் ஆக்கிவிடாது.

சேலத்தில் உருவான ஒரு கதை

இதை விளக்க நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை. சேலத்து மாடர்ன் தியேட்டர்ஸ் 1937-இல் 'சதி அகல்யா'வோடு தொடங்கி, நூற்றுக்கு மேற்பட்ட படங்களை எடுத்த நிறுவனம். இன்று ஏற்காடு சாலையில் அதன் நுழைவாயில் வளைவு மட்டுமே நிற்கிறது. மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' 1938-இல் அந்நிறுவனம் எடுத்ததே. மலையாளத்தின் முதல் முழுநீள வண்ணப் படமும் அதன் படைப்பே. 1961-இல் வந்த அப்படத்தின் பெயர் 'கண்டம் பெச்ச கோட்டு'. ஒட்டுப் போட்ட கோட்டு என்பது அதன் பொருள். அதுவும் மேடையிலிருந்து திரைக்கு வந்த ஒரு நாடகம்தான். மம்மது என்னும் ஏழைச் செருப்புத் தொழிலாளி; ஹஜ்ஜுக்குச் செல்ல வேண்டும் என்பது அவருடைய வாழ்நாள் ஆசை. அதற்காகக் காசு சேர்க்கிறார். இறுதியில், ஏழைப் பெண் ஒருத்தியின் திருமணம் பணமின்றித் தடைப்படும் போது, சேர்த்ததை அதற்குத் தந்து விடுகிறார்.

அவர் ஆசைப்பட்டது எவ்வளவு உயர்ந்தது என்பதை எம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எனினும் தம் அருகில் நின்ற ஒரு பெண்ணின் கண்ணீரை அவர் தாண்டிச் செல்லவில்லை. தம் பொருளையே தம் உயர்ந்த நோக்கத்திற்குச் செலவிட அத்துணை தயங்கினார் அந்தத் தொழிலாளி. அவ்வாறாயின், பிறர் பொருளைத் தம் சொந்தப் புகழுக்குச் செலவிடுவோர் எவ்வளவு தயங்க வேண்டும்!

எம் ஊராருக்குத் திரும்புவோம். அவர் சென்னைக்குப் புறப்பட்ட போது கையில் இருந்த பணம் எங்கிருந்து வந்தது என்பது ஊராருக்குத் தெரியாது. அதை அவரே ஒருநாள் எம் தந்தையாரின் ஜவுளிக் கடையில் அமர்ந்து சொன்னார். நாம் அப்போது பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தோம். தந்தையார், "ஏப்பா, போனதுக்கு வருத்தப்படறியா?" என்று கேட்டார். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "பாடப் போனது தப்பில்லீங்க பாய். தங்கச்சி தோட்ட அடகு வெச்சுட்டுப் போனேன் பாருங்க, அதுதான் தப்பு. ஆறு மாசத்துல மீட்டுத் தரேன்னு சொன்னேன். அது என் கையிலயா இருந்துச்சு?" என்றார்.

தோடு மூழ்கிப் போயிற்று. நிச்சயம் செய்யவிருந்த இடம் தட்டிப் போயிற்று. அத்தங்கை மேலும் நான்கு ஆண்டுகள் காத்திருந்தாள். அண்ணன் சென்னையில் ஒரு வாயிலில் காத்திருந்ததை ஊரே பேசியது. தங்கை வீட்டு வாயிலில் காத்திருந்ததை எவரும் பேசவில்லை. ஊரார் எழுப்பிய வினாவில் அவள் இடம் பெறவே இல்லை. அதுதான் அவ்வினாவின் குறை என்று இன்று எமக்குத் தோன்றுகிறது.

நம்பிக்கை தருவோர் கடமை

ஒருவர் மீது மட்டும் பொறுப்பைச் சுமத்திவிட்டு நாம் விலகிக் கொள்வதும் முறையன்று. அவரை மூன்று ஆண்டுகள் காக்க வைத்தது அவருடைய ஆசை மட்டுமா? பட நிறுவனம் ஒன்றில் அவரைப் பாடச் சொல்லிக் கேட்டவர்கள், 'குரல் நன்று, அடுத்த படத்தில் பார்ப்போம்' என்றனர். அடுத்த படத்திலும் அதையே சொன்னார்கள். இல்லை என்று சொல்வதில் உள்ள சங்கடத்தை ஒரு நிமிடம் தாங்க மனமில்லாமல், ஒருவருடைய ஓராண்டை எடுத்துக்கொண்டனர். இதனை இரக்கம் என்று அவர்கள் எண்ணியிருக்கலாம். இரக்கம் என்பது உண்மையை மென்மையாகச் சொல்வது. உண்மையைச் சொல்லாமல் விடுவதன்று. 'உம் குரல் உயர்ந்தது. ஆனால் இன்று நாங்கள் எடுக்கும் படங்களுக்கு அது தேவைப்படவில்லை' என்று ஒருவர் சொல்லியிருந்தால், அவர் தகுதியும் காக்கப்பட்டிருக்கும், அவர் காலமும் காக்கப்பட்டிருக்கும். தகுதி வேறு, பேறு வேறு என்ற உண்மையை அறிந்தவரே அவ்வாறு சொல்ல முடியும்.

ஊராரும் பொறுப்பிலிருந்து நீங்க முடியாது. "நீ இருக்க வேண்டிய இடம் இதுவா? சினிமாவில் அல்லவா இருக்க வேண்டும்!" என்று புகழ்ந்தவர்கள் அவர்களே. அப்புகழ்ச்சியில் ஒரு பழிப்பு மறைந்திருக்கிறது. எமக்கு முன் நீர் பாடுவது பாட்டன்று. எம்மைவிடப் பெரிய கூட்டம் கேட்டால்தான் அது பாட்டு என்பதே அதன் உட்பொருள். ஐந்நூறு பேர் விடிய விடிய விழித்திருந்து கேட்ட பாட்டை, ஐந்து லட்சம் பேர் கேட்கவில்லை என்பதற்காகத் தோல்வி என்று எவ்வாறு சொல்வது? கேட்பவர் எண்ணிக்கை பாட்டின் ஊதியத்தை முடிவு செய்யலாம். பாட்டின் தரத்தை முடிவு செய்யாது.

இன்று நிலைமை மாறிவிட்டது என்று சிலர் கூறுவர். பட முதலாளியின் வாயிலில் நிற்க வேண்டியதில்லை. தொலைக்காட்சியில் பாட்டுப் போட்டி இருக்கிறது. கைப்பேசியிலேயே பாடி உலகத்திற்கு அனுப்பலாம் என்பர். வாயில் மாறியிருக்கிறது, காத்திருப்பு மாறவில்லை. இன்றும் நாடக மேடையில் பாடும் இளைஞர்கள் திரையை நோக்கியே நிற்கின்றனர். இன்றும் வீட்டு நகை அடகுக் கடைக்குச் செல்கிறது. நாம் அவர்களுக்குச் சொல்வது 'போகாதீர்' என்பதன்று. போகலாம். சின்னப்பா தளர்ந்து நின்றிருந்தால் தமிழுக்கு 'உத்தமபுத்திரன்' இல்லை. ஆனால் புறப்படும் முன் வீட்டாரை அமர்த்தி, 'இது கிட்டாமலும் போகலாம். நீங்கள் தருவது திரும்பாமலும் போகலாம்' என்று சொல்லிவிட்டுப் போங்கள். அதைச் சொன்ன பின்னும் அவர்கள் கொடுத்தால் வாங்கிக் கொள்ளுங்கள். அதைச் சொல்ல வாய் வரவில்லையென்றால், அந்தப் பொருளைத் தொடாதீர்கள்.

ஆத்தூர்க்காரர் திரும்பி வந்த பின் ஒரு சேகோ ஆலையில் கணக்கெழுதினார். முதல் நான்கு ஆண்டுச் சம்பளத்தில் தங்கைக்குத் தோடு செய்து, திருமணமும் முடித்து வைத்தார். அதன் பிறகே மீண்டும் மேடை ஏறினார். அதுவரையில் யார் அழைத்தும் பாடவில்லை. மீண்டும் பாடிய முதல் இரவில் கோவலன் நாடகம். கூட்டத்தில் தங்கையும் கணவரோடு வந்து அமர்ந்திருந்தாள். நாமும் அங்கிருந்தோம். குரல் முன்னைவிடச் சற்றுத் தடித்திருந்தது. மேல் ஸ்தாயியில் பழைய எளிமை இல்லை. ஆயினும் விடியும் வரை எவரும் எழுந்து செல்லவில்லை.

பேறு கிட்டாதவரைத் தோற்றவர் என்று சொல்லும் வழக்கத்தை அன்றிரவோடு நாம் விட்டுவிட்டோம். அவர் செய்தது முறையா பிழையா என்று இன்று எவரேனும் கேட்டால், அவர் தம் வாயால் சொன்ன விடையையே நாமும் சொல்வோம்: பாடப் போனது பிழையன்று, தோட்டை எடுத்ததே பிழை. அப்பிழையையும் அவர் தம் உழைப்பால் தீர்த்துவிட்டார்.